இறக்கையில் ஊதா வெளிச்சம்

தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கத்தான் இப்போது பல் ஒத்துழைப்பதில்லை. நிதானமாகவே சொல்கிறேன், அவசரப்பட எனக்குத் தெம்பும் இல்லை.

விமானம் அளவுக்கு மீறி மூக்கைத் தூக்கினால், இறக்கையை ஒட்டி ஓடும் காற்று அதைவிட்டுப் பிரிந்துவிடும். பிரிந்தால் இறக்கை தாங்காது. நான் இறக்கையின் முன்விளிம்பில் மெல்லிய செம்புப் பட்டைகளை ஒட்டி, அதில் உயரழுத்த மின்சாரம் பாய்ச்சினேன். ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் ஓடும். அது காற்றைத் தள்ளி இறக்கையோடு ஒட்டவைக்கும். என் பாதி ஆயுள் இதில் போயிற்று. வெளிநாட்டுச் சாமான் வராத காலத்தில் மின்மாற்றிக்குக் கம்பி சுற்றியதும் நானேதான்.

எங்களை மேற்பார்வையிட்ட குழுவின் தலைவர் தொலூயி. ஷிராஸ் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"கல்யாண மண்டபத்துல மாட்டுற சீரியல் லைட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் டாக்டர்? இது இல்லாமயே அந்த றெக்க பறந்திருக்கும்ல?"

மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்தே களைத்துப்போனேன். ஆனால் கேள்வி நியாயமானது. பட்டை வேலை செய்கிறது என்று காட்ட, அது வேலை செய்யாதபோது என்ன ஆகும் என்றும் காட்டியாக வேண்டும்.

பூரியா எங்கள் விமானி. நல்லவன். குழுவுக்குப் பறந்து காட்டவேண்டிய நாளன்று காலை எல்லோருக்கும் சூடான ரொட்டி வாங்கிவந்தான். ஏறுமுன் என் தோளைத் தட்டினான்.

"உங்க லைட்ட நம்பித்தான் மூக்கத் தூக்கப்போறேன் டாக்டர். கரண்டு போயிடாதுல்ல?"

"போகாது. தைரியமா ஏறு."

குழுவினர் கண்ணால் பார்க்க வேண்டும் என்றதால் தாழ்வாகவே பறந்தான். தரையிறங்கியபின் யாருக்கும் மின்சாரம் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக, பட்டைகளைத் தரையிலிருந்தே அணைக்கும் சுவிட்ச் ஒன்று என் மேசையில் இருந்தது. பக்கத்தில் என் உதவிப் பொறியாளர் மெஹ்ரி, விமானத்திலிருந்து வரும் அளவுகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூரியா மூக்கைத் தூக்கினான். வேறெந்த விமானமும் விழுந்திருக்கும் சாய்வில் அது அசையாமல் நின்றது. அத்தனை அழகு. தொலூயி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் போலத்தான பறக்குது" என்றார், தலை நிமிராமல்.

நான் சுவிட்சை அணைத்தேன்.

ரேடியோவில் பூரியாவின் குரல் வந்தது. "டாக்டர், லைட்டு அணைஞ்சிருச்சு. போடுங்க." அதில் பதற்றமே இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மெஹ்ரி என் கையைப் பார்த்தாள். "கை அங்கதான இருக்கு டாக்டர். போடுங்க."

"இரும்மா. அளவு முழுசா வரட்டும்" என்றேன்.

அவள் என் கையைத் தள்ளிவிட்டுச் சுவிட்சைப் போட்டபோது, ஓடுபாதை ஓரத்தில் புகை கிளம்பியிருந்தது. தொலூயி எழுந்து நின்றிருந்தார்.

விபத்து என்று எழுதாதீர்கள், ஐயா. இயந்திரத்தில் பழுதில்லை. அணைத்தது நான். திரும்பப் போட நேரம் இருந்தது, போடவில்லை. அன்று இரவு, பல வருடங்களுக்குப் பிறகு, நன்றாகத் தூங்கினேன்.

பூரியாவின் மனைவி வெளியே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அவளிடம் ஒன்று சொல்லுங்கள்: என் விளக்கு எரிந்தவரை அவள் கணவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.