என் நூலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

தலைமையேற்றிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, என் ஆய்வை நூலாக அச்சிட்ட பதிப்பாளர் அவர்களே, ஆன்றோர்களே, வேலைக் களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

"சத்தமாப் பேசும்மா!" என்கிறார் கடைசி வரிசை அண்ணன். நீங்க முன்னாடி வந்துடுங்க அண்ணே, என் குரல் அவ்வளவு தூரம் நடக்காது.

விக்டோரியா காலத்து நாவல் மாந்தரை உளப்பகுப்பாய்வால் ஆராய்ந்தேன். அவர்கள் அழமாட்டார்கள்; கதவைச் சாத்துவார்கள். அடக்கிய துயரம் எங்கே போகும்? அடிமனத்தில் அமிழும், கனவாய், காய்ச்சலாய், கைநடுக்கமாய் எழும். ஒரு நாவலில் ஒரு பணிப்பெண், குழந்தையைப் பறிகொடுத்தவள். கண்ணீரே இல்லை, மடித்த துணியையே மறுபடி மறுபடி மடிக்கிறாள். அவள் மனத்தை நூறு பக்கம் அலசினேன்.

அதோடு நின்றேனா? நிற்கவில்லையே! ஒப்பிட்டுக் காட்ட உயிருள்ள ஒருத்தியைத் தேடினேன். சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுபவர் என் அம்மா. எனக்கு முன் பிறந்து மூன்று வயதில் இறந்த அண்ணனின் சட்டையை அண்மைக்காலம் வரை தேய்த்து அலமாரியில் வைத்துவந்தார். அவனைப் பற்றி ஒரே ஒருமுறை என்னிடம் வாய்விட்டுச் சொன்னதை நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதினேன்.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வன்று தேர்வாளர் அதை உரக்கப் படித்து, "யாரும்மா இந்தப் பெண்?" என்றார். வாழ்நாளில் முதன்முறையாகக் கூச்சமின்றிச் சொன்னேன்: "எங்கம்மாதான் சார். அதோ, கடைசி நாற்காலில உக்காந்திருக்காங்க."

அறையே திரும்பிப் பார்த்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். அம்மா மடியிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "அவன் பேரையும் போட்டியாடி?"

"ஆமாம்மா."

"உங்கப்பாகிட்டகூட நான் அந்தப் பேரை எடுக்கிறதில்ல. உன்கிட்ட சொன்னேன். நீ ஊருக்கே படிச்சுக் காட்டிட்ட."

அன்றிலிருந்து சோறு போடுகிறார், பேசுவதில்லை. அலமாரியில் அந்தச் சட்டையும் இல்லை. எங்கே ஒளித்தாரோ!

நாவலில் வருபவள் நம் விளக்கத்தைக் கேட்கப்போவதில்லை. என் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தாயின் நெஞ்சுக்குள் நுழைய எனக்கு யார் உரிமை தந்தது? படிப்பா? பட்டமா? அவர் கால்கடுக்க நின்று தேய்த்துத் தேய்த்து வாங்கித் தந்த பட்டமல்லவா அது!

ஆகவே, பதிப்பாளர் ஐயா, இந்த நூலை இன்று வெளியிடாதீர்கள்.

"அச்சாயிடுச்சேம்மா!" என்கிறீர்கள். தெரியும் ஐயா. அச்சுக்குப் போகும்போதே சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் துணிவு வரவில்லை. முந்நூறு பிரதியும் அந்த மேசைமேல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் அந்தத் தாளை நானே வெட்டியெடுக்கிறேன். எடுத்தாலும் அம்மா பேசுவார் என்ற நிச்சயம் எனக்கில்லை. இந்த விழாவுக்கு அழைத்தேன், வரவில்லை.

பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றியும் வணக்கமும். கையில் கத்தரிக்கோல் உள்ளவர்கள் மட்டும் கொஞ்சம் இருங்கள்.