அடியில் இருக்கும் சிவப்பு

எனக்குக் கை நடுங்காது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். திஜோன் நகரில் எங்கள் தெருவில் பூஸ்-கஃபே என்ற அடுக்கு மதுவை ஊற்ற என்னை மிஞ்சிய ஆள் கிடையாது. ஞாயிறு மதியச் சாப்பாடும் காபியும் முடிந்த பிறகு, ஒடுக்கமான சின்னக் குவளையில் அடியில் மாதுளைப் பாகு, அதன்மேல் பச்சைப் புதினா மது, உச்சியில் பிராந்தி. கரண்டியின் முதுகில் வழியவிட்டால் ஒன்றோடொன்று கலக்காது.

என் தம்பி கஸ்பாருக்கு இனிப்பு ஆகாது. மேலிரண்டையும் உறிஞ்சிவிட்டு, "இந்தாக்கா, உன் பங்கு" என்று குவளையை நகர்த்துவான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். எனக்கென்று வேறொன்றும் தேடிக்கொள்ளவில்லை. அந்த ஒரு வாய்ச் சிவப்பு போதுமாக இருந்தது.

அவன் ஒதிலைக் கட்டிக்கொண்டு வந்த முதல் ஞாயிறே குவளை அவள் பக்கம் நகர்ந்தது.

"அண்ணி கோவிச்சுக்கப் போறாங்க" என்றாள்.

"அக்காவுக்கு வயசாச்சு. இனிப்பு எதுக்கு?"

நானும் சிரித்தேன். சில வருடங்கள் சிரித்துக்கொண்டே இருந்தேன். பிறகு எலி மருந்தைப் பாகில் கரைத்து, அவன் குவளையின் அடியில் ஊற்றினேன். அவன்தான் சிவப்பைத் தொடமாட்டானே. அவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

அன்று ஒதில் குவளையை வாங்கவில்லை.

"எனக்கு வேண்டாங்க. டாக்டர் மதுவே கூடாதுன்னுட்டார்" என்று தலைகுனிந்தாள். "அண்ணிகிட்டயே குடுங்க. அவங்க பங்குதானே."

இந்தச் சொல்லுக்கு எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். "எனக்கும் வேண்டாம்" என்றேன்.

கஸ்பாருக்கு அப்போதுதான் உறைத்தது. "அடி கள்ளி, சொல்லவே இல்லையே. சரி, என் பிள்ளை பேரைச் சொல்லி நானே குடிக்கிறேன்" என்று குவளையைத் தூக்கினான்.

தட்டிவிட்டிருக்கலாம். அம்மாவின் வெள்ளை மேசைவிரிப்பு. அந்தக் கறை போகாது. ஏன் தட்டினாய் என்றும் கேட்பார்கள்.

நெஞ்சடைப்பு என்று புதைத்தார்கள். ஒதில் தாய்வீடு போய்விட்டாள். என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. பயத்தில் நானாகவே உங்களிடம் வந்தேன். ஞாயிறுதோறும் அவன் நாற்காலிக்கு முன்னால் ஒரு குவளை ஊற்றி வைக்கிறேன். மறுநாள் காலையில் பார்த்தால் பிராந்தியும் புதினா மதுவும் குறைந்திருக்கின்றன. ஆவியாகியிருக்கும் என்பீர்கள். எனக்குத் தெரியாதா அவன் பழக்கம்?

சிவப்பை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறான். எனக்காகத்தான்.