மாமியாருக்குத் தெரியக் கூடாத பாட்டு

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் நல்லூர் பஸ் நின்றிருந்தது. பீங்கான் கம்பெனியில் வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுமே இளையவள் சொன்னாள்:

"பாட்டு ஆப்புக்காரனுக்குத் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவட்டும்க்கா. எங்க மாமியாருக்குத் தெரியக் கூடாது."

"என்னாடி தெரியக் கூடாது?"

"நான் குத்துப் பாட்டு கேக்குறது. அவங்க வூட்டுல சாமி பாட்டைத் தவிர வேற எதுவும் ஓடக் கூடாதும்பாங்க. எங்க வூட்டுக்காரரு என் போனுலயும் அவங்க போனுலயும் பாட்டு ஆப்புக்கு ஒரே கணக்கைப் போட்டு வச்சிட்டாரு. பயந்துகிட்டு ஆப்பை அழிச்சேன். திரும்பப் போட்டா, கேட்டதெல்லாம் அப்படியே வந்து நிக்குது."

"ஆப்பை அழிச்சா உன் போனுலேருந்துதான் போவும். நீ கேட்டதெல்லாம் அவன்கிட்ட பத்திரமா இருக்கும். கணக்கையே அழிக்கச் சொல்லணும்."

"அப்ப இப்பவே அழிச்சிடுறேன்."

பெரியவள் எட்டிப் பார்த்தாள்.

"இரு. இன்னிக்கு மத்தியானம் நாலஞ்சு குத்துப் பாட்டு ஓடியிருக்குது பாரு. காலையில போனைக் கம்பெனி கேட்டுல குடுத்துட்டுதான வேலைக்கு உள்ள போனே?"

"ஆமாக்கா. இப்பதான் வாங்கிட்டு வரேன்."

"அப்ப இதைக் கேட்டது யாரு?"

இளையவள் அந்தப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பஸ் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் இயர்போனை எடுத்துக் காதில் மாட்டினாள்.

"என்னாடி, அழிக்கலியா?"

"இருங்கக்கா. எங்க மாமியாரு நல்ல பாட்டா போட்டு வச்சிருக்காங்க. கேட்டுட்டு அழிக்கிறேன்."