கூழைக்கடா குஞ்சுக்கு வாங்கிய மீன்

கூந்தன்குளம் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் மீன்பையை மடியில் வைத்திருந்த பெண்மணியிடம் நடத்துநர் வந்து நின்றார்.

“யக்கா, வாடை தாங்க முடியல. எல்லாரும் சத்தம் போடுதாங்க. எறங்கிருங்க.”

“எறங்க மாட்டேன் தம்பி. எங்க வீட்ல யாரும் மீனே திங்க மாட்டோம்.”

“பொறவு மடியில என்ன, கத்தரிக்காயா?” என்றார் பின்னாலிருந்த ஒருவர். பலர் சிரித்தனர்.

“கூழைக்கடா குஞ்சுக்கு, அண்ணாச்சி. கூட்டுலருந்து விழுந்துட்டு. கீழ விழுந்தத தாய்ப்பறவ திரும்பிப் பாக்காது. நான் போய்த்தான் ஊட்டணும்.”

“அதுக்கு இத்தன பேரும் மூக்கப் பிடிக்கணுமா?” என்றார் நடத்துநர்.

“பிடிங்க. அந்தப் பறவையே கொறஞ்சிக்கிட்டு வருது. எங்க ஊர்ல ஒண்ணக்கூடப் பட்டினியில சாக விடமாட்டேன்.”

முந்தானையால் தம் மூக்கை இறுக மூடிக்கொண்டு அவர் மேலும் சொன்னார்:

“வாடைக்கு எறங்கணும்னா, மொதல்ல நான்லா எறங்கியிருக்கணும்!”