ஒன்பது அறிவிப்புகள்

எனக்கு நல்ல குரல் என்று சொல்லாதவர்கள் கிடையாது, ஐயா. அதைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டவர்கள்தான் கிடையாது.

பிழைப்புக்குத் துணிக்கடை. எங்கள் பிரார்த்தனைக் கூடத்துக்குப் பதினெட்டு வருடமாக நான்தான் செயலாளர். வாராவாரம் பிரார்த்தனை முடிந்ததும் அறிவிப்புகளை வாசிப்பேன். தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள், வாசலை மறித்து நிற்கும் வண்டி, யாரோ விட்டுப்போன குடை. நான் தொண்டையைக் கனைத்ததுமே பின்கதவு கிரீச்சிடும். இரண்டாவது அறிவிப்புக்குள் பாதிக் கூடம் காலி. குடையைத் தொலைத்தவரே முதல் ஆளாக நழுவுவார்.

மைக் செட்காரனை நாங்கள் நிறுத்தியது நியாயம்தான். என் வாசிப்புக்கு நடுவே மைக் ஊளையிட்டது. குழுவில் சொன்னேன், சீட்டைக் கிழித்தார்கள். அவனுக்குக் கோபம் வந்ததும் நியாயம்தான். நான் இரண்டு பக்கமும் பார்ப்பவன்.

சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், கடைக்கு வந்தான். போர்வையில் சுற்றிய நீளமான ஒன்றை மேசைமேல் வைத்துப் பிரித்தான். துப்பாக்கி. நான் போர்வையைத் தடவிப் பார்த்தேன். கலப்பட நூல்.

“நாளன்னைக்குக் கூடத்துக்கு வர்றேண்ணே. எல்லாரும் கண்ண மூடியிருக்கறப்ப ஆரம்பிச்சிடலாம்னு இருக்கேன்.”

“அப்ப என் அறிவிப்பு?”

“அதுக்கப்புறம் யாருக்குண்ணே அறிவிப்பு?”

யார் முதல் விலை சொன்னாலும் முகத்தைச் சுளிப்பது எனக்குப் பழக்கம். சுளித்தேன். “கட்டுப்படியாகாது தம்பி. இந்த வாரம் ஒன்பது இருக்கு. முடிச்சதும் வா.”

“ஒன்பதா? அதுக்குள்ள உள்ள யாரு இருப்பா? நீங்களும் தூணும்தான்.”

வலித்தது. ஆனால் பொய்யில்லை.

“அஞ்சாவதுல வர்றேன்,” என்றான்.

“எட்டு.”

“ஏழு. அதுக்கு மேல ஏற மாட்டேன். ஆளில்லாத இடத்துல எனக்கென்ன வேலை?”

“ஒன்பதும் முடியட்டும். ஆள் இருப்பாங்க. பின்கதவ நான் பாத்துக்கறேன்.”

டீ வரவழைத்தேன். பாதி குடித்துவிட்டுத் தலையாட்டினான். எழுந்து போகும்போது, “உங்கள ஒண்ணும் பண்ண மாட்டேண்ணே,” என்றான். அது நான் கேட்காமலே அவன் போட்ட கொசுறு.

ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். “நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்” என்று கடையில் தினமும் நூறு பேர் சொல்கிறார்கள், ஐயா. வருகிறார்களா? இவனையும் அந்த ரகத்தில்தான் சேர்த்தேன்.

இருந்தாலும் பேச்சு பேச்சுதான். புதுப் பூட்டு வாங்கிப் பின்கதவில் மாட்டினேன். அன்று நான் கனைத்ததும் மூன்று பேர் போய்க் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, முறைத்தபடியே வந்து உட்கார்ந்தார்கள். நாலாவது அறிவிப்பில் தையற்காரர் எழுந்து, “தொட்டி கழுவறது காலையிலயா, சாயங்காலமா?” என்று கேட்டார். பதினெட்டு வருடத்தில் எனக்கு வந்த முதல் கேள்வி. விரிவாகவே பதில் சொன்னேன்.

ஒன்பதாவது முடியும்வரை அவன் முன்வாசலுக்கு வெளியே நின்றிருந்தான். வாக்கைக் காப்பாற்றினான். இந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

பதினான்கு பேர். அதில் பதினொரு பேர் பின்கதவடியில் கிடந்தார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். “அண்ணே, சாவி” என்று ஒரு பெண் கத்தியது காதில் விழுந்தது. எந்தப் பையில் வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். போட்டிருந்த சட்டைக்கு ஒரே பைதான், ஒப்புக்கொள்கிறேன். தையற்காரரும் போய்விட்டார் என்கிறார்கள். அதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

ஆனால் இதை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவன் வருவான் என்று நான் ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. என் மனைவியையும் இரண்டு பெண்களையும் அன்று வீட்டிலேயே இருக்கச் சொன்னது, மழை வரும்போல் இருந்ததால்தான்.