துர்காதேவி கல்யாண டேப்பு

இல்ல சார், கேபிள் லூசு இல்ல. அத நான் பத்து வாட்டி கழட்டி மாட்டிப் பாத்துட்டேன். கேமராவுக்கு சின்ன முனை, கம்ப்யூட்டருக்கு பெரிய முனை, ரெண்டும் கெட்டியாத்தான் நிக்குது. ஆன்ல இருக்கசொல்ல புடுங்கினேனான்னு கேக்கறீங்களா? இல்ல சார். அப்பிடி புடுங்கி வடமாலபேட்டையில ஒருத்தருக்கு கேமராவே கருகிப் போச்சு. எல்லாத்தயும் ஆஃப் பண்ணிட்டுதான் கை வப்பேன்.

திருப்பதிக் கடையில நீங்க தமிழ் பேசறது நல்லதாப் போச்சு. தெலுங்கு எனக்கும் வரும், இந்த மாதிரி விசயத்துக்கு வாய் குழறுது. நகரி சார் நானு, பேரு சுரேஷ்பாபு. எங்க வூட்ல எல்லாரும் பவர்லூம். நான்தான் ரெண்டு தறிய வித்துட்டு இந்தக் கேமராவ வாங்கினேன். கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாம் எடுப்பேன். முன்னல்லாம் பெரிய கேசட்டு, அப்பிடியே கையில குடுத்துடலாம். இப்ப எல்லாருக்கும் சிடி வேணும். இந்த சின்ன டேப்ப கம்ப்யூட்டர்ல ஏத்தினாதான் சிடி. அதுக்குத்தான் இந்த ஃபயர்வயர் கார்டு வாங்கிப் போட்டது.

வைகாசியில நின்னுது சார். வைரஸ்னு சொல்லி ஒருத்தரு விண்டோஸ மாத்திப் போட்டாரு. அன்னிலேர்ந்து கேமராவ மாட்டினா கம்ப்யூட்டர் கண்டுக்கவே மாட்டேங்குது. உள்ள போயிப் பாத்தா கார்டு பேருக்குப் பக்கத்துல மஞ்சளா ஒரு குறி. கார்ட ஓட்டற டிரைவர் புரோகிராம் இல்லன்னு அர்த்தமாம். புத்தூர்ல ஒரு பையன் சிடி குடுத்தான், ஏறல. சித்தூர் போனேன், கார்டே போச்சு, புதுசு வாங்குன்னாங்க. வாங்கினேன். அதுக்கும் அதே மஞ்சக் குறிதான்.

கார்டு சொருகற ஸ்லாட்டா? மாத்திப் பாக்கல சார். அது எனக்குத் தோணவே இல்ல. பாருங்க, பாருங்க, நான் எங்கியும் போகல.

டிவியில போட்டுப் பாத்துக்கலாமேன்னு கேக்கறீங்க. பாக்கலாம். டிவி வயரு தொலஞ்சி போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். யார்கிட்டயா? ருக்மணி அக்காகிட்ட. எங்க தெருதான், தறி ஓட்டறவங்க. அவங்க பொண்ணு துர்காதேவி கல்யாணத்த நான்தான் எடுத்தேன். சின்னக் கல்யாணம், ஒரே டேப்புல முடிஞ்சிட்டுது. மாப்பிள்ளை குவைத்துல டிரைவரு. இருபது நாள் லீவுல வந்து தாலி கட்டிட்டுப் போயிட்டாரு. ஊர்க்காரர் ஒருத்தரு குவைத்துக்குக் கிளம்பினாரு, அவரு கையில சிடி குடுத்தனுப்பணும்னு அந்தப் பொண்ணு தெனம் வந்து கேக்கும். அண்ணா, ஆச்சா அண்ணான்னு. நாளைக்கு வாம்மான்னுவேன். அந்தாளு கிளம்பியே போயிட்டாரு. அதுக்கப்புறமும் கேட்டுக்கினுதான் இருந்துச்சு.

ஆடியில அந்தப் பொண்ணுக்கு காய்ச்சல் வந்துது சார். மொதல்ல நகரி, அப்பால திருப்பதி, அப்பால மெட்ராஸு. ஒம்பது நாள். மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கல. அவரு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டுது.

ஃபோட்டோ இருக்குது, ஒரு ஆல்பம் முச்சூடும். அக்கா அதத் தொடறதில்ல. ஃபோட்டோல அவ பேச மாட்டேங்கறாளேங்கறாங்க. டேப்புல பேசும் சார். நலங்கு வக்கசொல்ல லைட்டு மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு. அண்ணா, கண்ணு கூசுது, கொஞ்சம் தள்ளி வைண்ணான்னுது. சொல்லிட்டு அதுவே சிரிச்சிடுச்சு. அதெல்லாம் இருந்துது. நான்தானே எடுத்தேன், எனக்குத் தெரியாதா.

ஆ, குறி போயிட்டுதா? ஸ்லாட்டு மாத்தி பழைய டிரைவரு போட்டா போதுமா? பத்து நிமிசம் கூட ஆகல சார் உங்களுக்கு. மூணு மாசமா நான் நாய் மாதிரி அலஞ்சேன்.

கேமராவும் வந்துட்டுது, ஆமா, பேரு காட்டுது. டேப்பு குடுக்கவா? இந்தாங்க, இது என் சொந்தக்காரங்க காதுகுத்து, இதப் போட்டுப் பாருங்க. படம் வருது. சத்தமும் வருது. சரி, நிறுத்திடுங்க சார்.

அந்தக் கல்யாண டேப்பு பையில இருக்குது. இருங்க சார், அத இப்ப வேணாம்.

வெளில செருப்பு உடற எடத்துல ஒரு அம்மா உக்காந்துக்கினு இருக்காங்களே, அவங்கதான் ருக்மணி அக்கா. திருப்பதியில பெரிய ஆளுகிட்ட காட்டப் போறேன்னு நான் வாய விட்டுட்டேன். காலையில பஸ் ஸ்டாண்டுல எனக்கு முன்னாடி வந்து நின்னுக்கினு இருக்காங்க. வர்ற வழியெல்லாம் ஒண்ணும் துன்னல. இன்னிக்கு பாத்துடலாமில்ல சுரேசுன்னு ஒரே ஒரு வாட்டி கேட்டாங்க.

நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் சார். கேமரா போயிட்டுது, இனிமே வராதுன்னு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க, நீங்க சொன்னா நம்புவாங்க.

தெரியும் சார், எல்லாம் நல்லாத்தான் வேலை செய்யுது. நீங்க எதுக்குப் பொய் சொல்லணும், நியாயம்தான். நான் கோவிச்சிக்கல.

ஆனியில புத்தூர்ல ஒரு சடங்கு ஆர்டர் வந்துது. கெளம்பற அவசரத்துல கடையில புது டேப்பு கெடைக்கல. அலமாரியில ஒண்ணு கெடந்துச்சு, அத எடுத்துக்கினு ஓடினேன். மேல பேரு எழுதல சார், நாளைக்கே ஏத்திடப் போறோமேன்னு எழுதாமலே வச்சிருந்தேன். அந்தப் பொண்ணு போன அப்பறம், அக்கா வந்து கேட்டாங்களேன்னுதான் கேமராவுல போட்டுப் பாத்தேன். மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டேன். அதுல முச்சூடும் வேற வூட்டுப் பொண்ணுதான் இருக்குது சார்.