தப்பிக்கிற ஆள் இல்லாத நாவல்கள்

யாருக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நூலகராக உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கம், ஐயா.

எனக்குப் பிடித்தவை பழைய பிரெஞ்சு நாவல்கள். இயற்கைவாதம் என்பார்கள். பிறப்பும் சூழலும் எங்கே தள்ளுகின்றனவோ, அங்கேதான் மனிதன் போய் விழுவான். அப்பன் குடிகாரன் என்றால் மகனும் குடிப்பான். வாசகர் வட்டத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள், மாப்பிள்ளை வரும்வரை.

மாப்பிள்ளை என் தங்கையின் கணவர். பரம்பரைக் குடிகாரர். மருத்துவர் மாத்திரை கொடுத்து நிறுத்த வைத்திருந்தார். சாயங்காலம் கால் கடைப்பக்கம் போகாமல் இருக்க, தங்கைதான் அவரை நூலகத்துக்கு அனுப்பினாள்.

"இந்த மாத்திரை போட்டுக்கிட்டுக் குடிச்சா உயிருக்கே ஆபத்தாம். நீதான் பாத்துக்கணும்ண்ணே."

பார்த்துக்கொண்டேன். அந்த நாவல்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன்.

"எல்லாரும் குடிச்சே சாகுறாங்களே. ஒருத்தனாவது தப்பிக்கிற கதை இல்லையா மச்சான்?" என்று கேட்டார். ஒன்று இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

படித்தார், அழுதார், ஆனால் குடிக்கவில்லை. முகம்கூடத் தெளிந்துவிட்டது. ஒருநாள் வாசகர் வட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது சலூன்காரர் அவரைக் காட்டி, "அப்ப இவரு எந்த ரத்தம் சார்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். எனக்கு அலுத்துவிட்டது. ஆயுள் முழுக்க நான் படித்ததை ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்தே பொய்யாக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் அவர் படிக்கும் மேசைமேல் பிராந்தி பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு, அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவர் புத்தகத்தை மூடி வைத்தார். எடுத்துப்போய்க் கழுவுதொட்டியில் கொட்டினார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படித்தார்.

அதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது இல்லையா? மறுநாள் தேநீரை நானே போட்டேன். இஞ்சியும் சர்க்கரையும் தூக்கலாக. "இன்னிக்கு டீ பிரமாதம் மச்சான்" என்று இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கி, நாற்காலியோடு சாய்ந்தார். நான் யாரையும் கூப்பிடவில்லை. அவர் படித்துக்கொண்டிருந்த புத்தகம் கீழே விழுந்திருந்தது, அதை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

தங்கை என் முகத்தில் விழிப்பதில்லை. அவள் அந்த நாவல்களைப் படித்திருந்தால் புரிந்துகொண்டிருப்பாள். நான் பிராந்தி கலந்தது மாப்பிள்ளைக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள் ஐயா, கடைசியில் அவர் குடித்தார்.